கல்யாணம் ஆனாலும் ஆகலன்னாலும்: பாலியல் ஆரோக்கியத்துக்கு அரசு ஆஸ்பத்திரில நமக்கு என்னென்ன உரிமை இருக்கு

வெள்ளைப்படுது, அந்தரங்க இடத்துல புண்ணு, நாள் தள்ளிப்போச்சு, எச்ஐவி இருக்குமோன்னு பயம், இப்படி எதுக்காக ஆஸ்பத்திரி போனாலும் முதல்ல வர்ற கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சா"ங்கிறதுதான். சில சமயம் டாக்டருக்கு மருத்துவக் காரணத்துக்காகவே அது தெரியணும், அது தப்பில்ல. ஆனா பத்து பேர் நிக்கிற ஓபி வரிசைல சத்தமா கேட்டா, எத்தனையோ பேர் சீட்டை மடிச்சு பைக்குள்ள வச்சுட்டு அப்படியே வெளிய வந்துடுறாங்க. இந்தியாவுல இருக்கிற சட்டத்தையும் திட்டத்தையும் எடுத்துப் பாத்தா இந்த சேவைகள்ல பெரும்பாலானதுக்கு கல்யாணம் ஒரு தகுதியே இல்ல, இது தெரிஞ்சா அந்தக் கேள்விக்கு பயந்து திரும்பி வர வேண்டியதில்ல, அதுக்காகத்தான் வயசு வாரியா எழுதுறேன்.

முதல்ல 10 முதல் 19 வயசு வரைக்கும். இவங்களுக்குன்னே மத்திய அரசு 2014 ஜனவரில ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சது, சுருக்கமா ஆர்கேஎஸ்கே. சத்துணவு, மனநலம், போதைப்பழக்கம், வன்முறைன்னு இருக்கிற ஆறு தலைப்புல பாலியல், இனப்பெருக்க ஆரோக்கியமும் ஒண்ணு, அதனால யாராவது "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு"ன்னு கேட்டா இது அரசே போட்ட பாடம்னு தைரியமா சொல்லலாம். இந்தத் திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையம், ஜிஎச் மாதிரி இடங்கள்ல வளரிளம் பருவத்தினருக்குன்னு தனி கிளினிக் வச்சு அங்க கவுன்சிலர் போடணும், பேசுறது வெளிய கேக்காத மாதிரி தனி இடம் இருக்கணும். ஸ்கூல்ல வாரம் ஒரு நாள் குடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை, வருஷத்துக்கு ரெண்டு தடவை குடுக்கிற குடற்புழு மாத்திரை, இதெல்லாமும் இதோட சேர்ந்து வர்றதுதான். தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கு இலவசமா நாப்கின் குடுக்க புதுயுகம் திட்டம் இருக்கு, கிராம சுகாதார நர்ஸ்கிட்டயும் ஸ்கூல்லயும் கேக்கலாம்.

பசங்களைப் பத்தி யாரும் பேச மாட்டேங்குறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். தூக்கத்துல விந்து வெளியேறுது, சுய இன்பம் பண்றேன், நரம்பு தளர்ந்துடும்னு சொல்றாங்களே நிஜமான்னு ஒரு பையன் கேக்க நினைச்சா வீட்டுல ஆள் இல்ல, ஸ்கூல்ல ஆள் இல்ல, கடைசில லாட்ஜ்ல ரூம் போட்டு உக்காந்திருக்கிற வைத்தியர்கிட்ட போய் நிக்கிறான். ரெண்டுமே வியாதி கிடையாது, அதனால நரம்பும் தளராது ஆண்மையும் போகாது, இதைச் சொல்றதுக்கு ஒரு கவுன்சிலருக்கு அஞ்சு நிமிஷம் போதும், காசும் கிடையாது. இன்னொண்ணு, ஆண்மை சக்தியைக் கூட்டுறேன், பால்வினை நோயைக் குணப்படுத்துறேன்னு மருந்துக்கு விளம்பரம் பண்றதே 1954ல வந்த மருந்துகள் மற்றும் மாய வைத்திய விளம்பரச் சட்டப்படி குற்றம். அந்த போஸ்டரைப் பாத்து பயப்படாம இருந்தாலே பாதி பையன்களோட காசும் தூக்கமும் மிஞ்சும்.

18 வயசுக்கு முன்னாடி ஒரு விஷயம் மட்டும் தெளிவா தெரிஞ்சிருக்கணும். போக்சோ சட்டம் 2012 படி 18க்குக் கீழ இருக்கிறவங்களோட பாலியல் உறவு, அவங்க சம்மதிச்சிருந்தாலும் குற்றம்தான், விஷயம் தெரிஞ்ச டாக்டர் போலீஸுக்கு தகவல் சொல்லியே ஆகணும். இந்த பயத்துலயே கர்ப்பமான சின்னப் பொண்ணுங்களை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகாம வீட்டுலயே ஏதாவது குடுத்து கலைக்கப் பாத்து உயிரையே ஆபத்துல வச்சுடுறாங்க. 2022 செப்டம்பர் 29ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஒரு வழி சொல்லிச்சு: அந்தப் பொண்ணும் கார்டியனும் கேட்டுக்கிட்டா, கருக்கலைப்புக்காக வந்த மைனரோட பேரையும் அடையாளத்தையும் டாக்டர் அந்தத் தகவல்ல குடுக்க வேண்டியதில்ல. இதை டாக்டர்கிட்ட நேரடியா கேளுங்க, அவருக்கே தெரியாம இருக்க வாய்ப்பு இருக்கு.

இப்ப 18 தாண்டினவங்க. கருக்கலைப்பு பத்திதான் தப்பான நம்பிக்கை ரொம்ப அதிகம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். 1971ல வந்த எம்டிபி சட்டத்தை, அதாவது கருக்கலைப்புச் சட்டத்தை, 2021ல திருத்தினாங்க, அந்த வருஷம் செப்டம்பர் 24ல இருந்து நடைமுறைல இருக்கு. சட்டம் சொல்ற காரணங்கள்ல ஒண்ணு இருந்தா 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் முடிவு பண்ணா போதும், 20ல இருந்து 24 வாரம்னா ரெண்டு டாக்டர், அதுவும் விதில சொன்ன சில பேருக்கு மட்டும்: பாலியல் வன்முறைக்கு ஆளானவங்க, மைனர்கள், கர்ப்பமா இருக்கும்போதே விதவை ஆனவங்க இல்லன்னா விவாகரத்து ஆனவங்க, மாற்றுத்திறனாளிகள், கருவுல குறை இருக்கிறவங்க, இப்படி. 24 தாண்டினா கருவுல பெரிய குறை இருக்கும்போது மெடிக்கல் போர்டு பாக்கும். வாரத்தை கடைசி மாதவிடாய் வந்த முதல் நாள்ல இருந்து எண்ணுவாங்க, உறவு நடந்த நாள்ல இருந்து இல்ல, இங்கதான் நிறைய பேர் கணக்குல ரெண்டு வாரம் கோட்டை விடுறாங்க. பழைய சட்டத்துல கருத்தடை சாதனம் தோத்துப்போனா "கல்யாணமான பெண், அவரோட கணவர்"னு இருந்த இடத்துல இப்ப "எந்தப் பெண்ணும், அவரோட துணையும்"னு மாத்திட்டாங்க, நான் மேல சொன்ன அதே 2022 தீர்ப்புல 20-24 வாரத்துக்கும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு கல்யாணமான பெண்ணுக்கு இருக்கிற அதே உரிமை உண்டுன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

கையெழுத்து விஷயம் இன்னும் முக்கியம். சம்மதப் படிவத்துக்கு பேரு ஃபாரம் சி. அதுல 18 வயசு முடிஞ்ச பெண்ணோட கையெழுத்து மட்டும் போதும், புருஷன் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டத்துல எங்கயும் கேக்கல. மைனர்னாலும் மனநலம் பாதிக்கப்பட்டவங்கன்னாலும் மட்டும்தான் கார்டியன் கையெழுத்து. ஆனா நேர்ல போனா "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா"ன்னு சொல்றது இன்னும் நடக்குது. அப்போ "ஃபாரம் சி குடுங்க மேடம், நான் கையெழுத்து போடுறேன்"னு பேரைச் சொல்லிக் கேளுங்க, அந்த ஃபாரம் பேரு வந்தாலே எதிர்ல இருக்கிறவங்க பேச்சு மாறும். உங்க விவரத்தை சட்டம் அனுமதிக்காத யார்கிட்டயாவது சொன்னா அதுக்கு ஜெயில் தண்டனையே இருக்கு. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி தானா போட்டுக்காதீங்க, கரு கருப்பைக்கு வெளிய குழாய்ல தங்கியிருந்தா அந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடிச்சா உயிருக்கே ஆபத்து.

கருத்தடை சாதனங்கள் இலவசம்: நிரோத் காண்டம், தினமும் போடுற மாலா என், மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற அந்தரா ஊசி, முதல் மூணு மாசம் வாரம் ரெண்டு அப்புறம் வாரம் ஒண்ணுன்னு போடுற சாயா மாத்திரை, காப்பர் டி. அவசர மாத்திரையை பாதுகாப்பில்லாத உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள்ள போடணும், அதுலயும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மட்டும் விதி வேற, அதுக்கு கல்யாணம் ஆகி ஒரு வயசு தாண்டின ஒரு குழந்தையாவது இருக்கணும்னு அரசு வழிகாட்டுதல் சொல்லுது, ஆனா அதுக்கும் துணையோட சம்மதம் தேவையில்லன்னு அதே வழிகாட்டுதல்லயே இருக்கு. ஆண்களுக்கான ஆபரேஷன் பெண்களோடதை விட ரொம்ப சின்னது, வயித்தைத் திறக்க வேண்டியதே இல்ல, ஆனாலும் நம்ம வீடுகள்ல பிரசவம் ஆன பொண்ணையேதான் மறுபடி படுக்க வைக்கிறோம்.

பால்வினை நோய்க்கு வருவோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல சுரக்ஷா கிளினிக்னு இருக்கு, தமிழ்நாட்டுல சுகவாழ்வு மையம்னு போர்டு போட்டிருப்பாங்க. இங்க மருந்தை கலர் கலரா பாக்கெட் போட்டு வச்சிருப்பாங்க, சாம்பல் கலர்னா சீழ் மாதிரி வடியிறதுக்கு, பச்சைன்னா வெள்ளைப்படுதலுக்கு, வெள்ளை, இல்லன்னா நீலம்னா புண்ணுக்கு (பென்சிலின் ஒத்துக்காதவங்களுக்கு நீலம்), சிவப்பு ஹெர்பீஸ் கொப்புளத்துக்கு, மஞ்சள் அடிவயித்து வலிக்கு, கறுப்பு தொடை இடுக்குல கட்டி வந்தா. லேப் ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அறிகுறியைப் பாத்து அன்னிக்கே மருந்து குடுத்து அனுப்புறதுக்குத்தான் இந்த ஏற்பாடு. உங்க கூட உறவு வச்சிருக்கிறவங்களுக்கும் சேர்த்து வைத்தியம் பண்ணணும்னு சொல்லுவாங்க, இதுல கூச்சப்பட்டு ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா அடுத்த மாசம் திரும்பவும் அதே நோய் வந்து நிக்கும்.

எச்ஐவி டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையம். பணம் கிடையாது, முதல்ல கவுன்சிலர் தனியா பேசுவாங்க, நீங்க சம்மதிச்சாதான் ரத்தம் எடுப்பாங்க, ஒரே டெஸ்ட்டை வச்சு பாசிட்டிவ்னு முடிவு சொல்ல மாட்டாங்க, வேற வேற கிட்ல மூணு தடவை பாத்து உறுதி பண்ணுவாங்க. பாசிட்டிவ்னா கூட்டு மருந்து சிகிச்சை வாழ்நாள் முழுக்க இலவசம். இந்தியாவுல முதல் எச்ஐவி தொற்று 1986ல சென்னைலதான் கண்டுபிடிச்சாங்க, இலவச கூட்டு மருந்து 2004 ஏப்ரல்ல ஆரம்பிச்சப்போ முதல் மையங்கள்ல தாம்பரமும் ஒண்ணு, அப்போ இருந்து மருந்து சாப்பிட்டுட்டு வேலைக்குப் போய் புள்ளைகளைப் படிக்க வச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ஆபத்தான தொடர்பு நடந்துடுச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போய் எச்ஐவி தொற்றாம தடுக்கிற பிஇபி மருந்து கேளுங்க, 28 நாள் சாப்பிடணும். சந்தேகம் கேக்க 1097, கட்டணம் இல்ல.

2017ல வந்த எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர் 10ல இருந்து அமல்ல இருக்கு. வேலைல சேர, படிக்க, ஆபரேஷன் பண்ண எச்ஐவி டெஸ்ட் ரிசல்ட் கொண்டுவான்னு நிபந்தனை போடக்கூடாது. பாசிட்டிவ்னு தெரிஞ்சு வைத்தியம் பாக்க மாட்டேன், வாடகைக்கு வீடு தர மாட்டேன்னு சொல்றதும் தப்பு. மாநில அரசு நியமிக்கிற ஆம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்ப்பு அதிகாரிகிட்ட, புகார் குடுத்தா 30 நாளுக்குள்ள உத்தரவு போடணும், மருத்துவ அவசரம்னா முடிஞ்ச வரைக்கும் 24 மணி நேரத்துக்குள்ள.

யாராவது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தா: அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் உடனே இலவசமா வைத்தியம் பாக்கணும், இப்ப அது பிஎன்எஸ்எஸ்னு சொல்ற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 397வது பிரிவு, எஃப்ஐஆர் போட்டுட்டு வான்னு திருப்பி அனுப்பக் கூடாது. பாதிக்கப்பட்டவங்க பிறப்புறுப்புல விரல் விட்டுப் பாக்கிற ரெண்டு விரல் சோதனைன்னு ஒரு கொடுமை இருந்துச்சு, அதை யார் பண்ணாலும் தவறான நடத்தைன்னு 2022 அக்டோபர் 31ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, பண்ண வந்தா மறுக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

தன்பாலின ஈர்ப்பு உள்ளவங்களை "குணப்படுத்துறேன்"னு எந்த டாக்டராவது சொன்னா அது மருத்துவ நடத்தை மீறல், 2021ல சென்னை ஹைகோர்ட் தடுக்கச் சொன்னதுக்கு அப்புறம் தேசிய மருத்துவ ஆணையமே 2022ல அப்படி அறிவிச்சது. திருநங்கை, திருநம்பிகளுக்கு பாலின மாற்று சிகிச்சையும் ஹார்மோன் சிகிச்சையும் ஏற்பாடு பண்றது அரசோட கடமைன்னு 2019 சட்டத்துலயே இருக்கு.

30 வயசு ஆயிட்டா பெண்கள் கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட் பண்ணிக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பண்றாங்க. கர்ப்பப்பை வாய்ல வினிகர் மாதிரி ஒரு திரவத்தைத் தடவி நிறம் வெள்ளையா மாறுதான்னு பாப்பாங்க, சில நிமிஷம்தான், மயக்க ஊசி எல்லாம் கிடையாது. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. விதவைம்மா, எனக்கு எதுக்கும்மான்னு சொல்ற அக்காக்களைத்தான் முதல்ல கூட்டிட்டுப் போகணும், ஏன்னா இதுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் பல வருஷம் உடம்புல அமைதியா இருந்துட்டு அப்புறமா வேலையைக் காட்டும்.

வயசானவங்களுக்கு தேசிய முதியோர் நலத் திட்டம் இருக்கு, மாவட்ட ஆஸ்பத்திரில முதியோர் ஓபியும் வார்டும் அதுல வருது, 2024ல கிண்டில தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாங்க. முட்டிவலி, சுகர், பிரஷர் எல்லாம் அங்க பேசுவாங்க, பாலியல் பத்தி நீங்களா ஆரம்பிக்கலன்னா யாரும் ஆரம்பிக்க மாட்டாங்க. ஆரம்பிங்க. விரைப்பு குறையிறது சுகர், ரத்தக்குழாய் அடைப்போட முதல் அறிகுறியா இருக்கலாம், அதனால அதை டாக்டர்கிட்ட சொல்றது ஹார்ட்டுக்கும் சேர்த்துதான். நெஞ்சுவலிக்கு நாக்கு அடில வைக்கிற நைட்ரேட் மாத்திரை எடுக்கிறவங்க விரைப்பு மாத்திரையை தானா வாங்கிப் போட்டா பிரஷர் ஒரேடியா இறங்கி உயிரே போகலாம். மாதவிடாய் நின்ன பிறகு உறவுல எரிச்சல், வறட்சி இருந்தா அதுக்கு க்ரீம் இருக்கு, பொறுத்துக்க வேண்டியதில்ல. மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே பெண்கள் ஓபிக்கு போங்க. துணையை இழந்து வேற ஒருத்தரோட வாழ்க்கை அமைச்சுக்கிறவங்களும் காண்டம் போடணும், கர்ப்பம் ஆகாதுங்கிறதுக்காக தொற்று வராம இருக்காது.

எங்கயாவது மறுத்தாங்கன்னா வாய்ச்சண்டை போட வேண்டாம். "மறுக்கிறதை சீட்டுலயே எழுதிக் குடுங்க"ன்னு கேளுங்க, தேதி, நேரம், ஓபி நம்பரைக் குறிச்சு வச்சுக்கோங்க, அப்புறம் ஆஸ்பத்திரி ஆர்எம்ஓ (நிலைய மருத்துவ அலுவலர்) இல்லன்னா சூப்பரின்டென்டென்ட்கிட்ட எழுத்துல புகார் குடுத்து நகல்ல சீல் வாங்கிடுங்க. தமிழ்நாட்டுல 104க்கு போன் பண்ணியும் கேக்கலாம், முதியோருக்கு 14567 தனியா இருக்கு.