எட்டு கிலோமீட்டர் நடப்பவரால் தரையிலிருந்து எழ முடியவில்லை

"பேரனுக்குக் காதுகுத்துங்க. குலதெய்வம் கோயில்ல சம்மணம் போட்டு உக்காந்தேன். எந்திரிக்கறதுக்கு ரெண்டு பேரு கை குடுக்க வேண்டியதாப் போச்சு. தினமும் எட்டு கிலோமீட்டர் நடக்கறேனுங்க டாக்டர். எனக்கு எப்படிங்க கால்ல பலமில்லாமப் போகும்?"

கோவையில் நான் பிசியோதெரபி பார்க்கும் கிளினிக்குக்கு வந்த 61 வயதுக்காரர் கேட்ட கேள்வி இது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இருக்கிறது. ஒன்பது மாதமாக, மழை பெய்தாலொழிய, ரேஸ்கோர்ஸ் நடையை விட்டதில்லை. எடை 83 கிலோவிலிருந்து 72 ஆகியிருந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் 8.1-லிருந்து 6.9-க்கு இறங்கியிருந்தது. உண்மையிலேயே பெரிய உழைப்பு. மூட்டுத் தேய்மானம்தான் காரணம் என்று அவராகவே முடிவுகட்டி எக்ஸ்ரேவோடு வந்திருந்தார். அவர் வயதுக்கு மூட்டு நன்றாகவே இருந்தது.

கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து முறை எழுந்து எழுந்து உட்கார வேண்டும். அவருக்கு 16 விநாடி ஆனது. கெண்டைக்காலின் பெருத்த இடத்தில் டேப் வைத்து அளந்தேன், 32 செ.மீ. தசையிழப்பைப் பற்றி ஆசிய மருத்துவர்கள் குழு ஒன்று 2019-இல் வகுத்த அளவுகள் உண்டு. அதன்படி, இந்த நாற்காலிச் சோதனைக்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்கால் சுற்றளவு ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீ.க்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். தையல் டேப்பும் கடிகாரமும் போதும்.

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. "சதை போட்டுவிட்டது", "சதை குறையணும்" என்கிறோம். தொப்பையில் தொங்கும் கொழுப்பும் சதைதான், தொடையில் நம்மைத் தூக்கி நிறுத்துகிற தசையும் சதைதான். எடை பார்க்கும் மிஷினும் இதே தவற்றைச் செய்கிறது. குறைந்த 11 கிலோவில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தசை என்று அது சொல்லாது. "நல்லா இளைச்சுட்டீங்களே" என்று பார்க்கிறவர்கள் பாராட்டும்போது அவர் தொடை இளைத்ததையும் சேர்த்தேதான் பாராட்டியிருக்கிறார்கள்.

சமதளத்தில் நடக்கும்போது தொடைத் தசை தன் முழு பலத்தில் சிறு பங்கைத்தான் செலவிடுகிறது. அந்தச் சிறு வேலையை நெடுநேரம் செய்யப் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். தரையிலிருந்து எழுவது, பஸ்ஸில் படியேறுவது, கால் தடுக்கினால் விழாமல் சமாளிப்பது இதற்கெல்லாம் வேறு வகைத் தசை நார்கள் வேண்டும். வேகமாக, பலமாகச் சுருங்கும் நார்கள் அவை. எட்டு கிலோமீட்டர் நடந்தாலும் அவற்றுக்குப் பெரிதாக வேலை வருவதில்லை. வயதாகும்போது முதலில் மெலிவதும் அவைதான். சாப்பாட்டையும் குறைத்துவிட்டால், உடம்பு கொழுப்பை எரிப்பதோடு, வேலையில்லாமல் கிடக்கும் தசையையும் கரைத்துச் செலவு பண்ணிவிடும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் உடல் பருமனான 160 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. உணவைக் குறைத்து, கூடவே ஒரு குழு கார்டியோ (நடை, ஓட்டம், சைக்கிள் போல மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி), ஒரு குழு எடை தூக்குவது போன்ற வலுப்பயிற்சி, ஒரு குழு இரண்டும் என்று ஆறு மாதம் செய்தார்கள். மூன்று குழுவுக்கும் எடை ஒரே மாதிரி, சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஆனால் கொழுப்பில்லாத உடல் எடை கார்டியோ குழுவில் 5 சதவீதம் போனது, வலுப்பயிற்சிக் குழுவில் 2, இரண்டும் செய்தவர்களுக்கு 3. அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் முதலிடம் இரண்டும் செய்தவர்களுக்குத்தான். எடை மிஷினை மட்டும் பார்த்திருந்தால் மூன்று குழுவும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்போம்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை இன்னும் கவலையோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சரக்கு தெருவில்தான் நிற்கும். நம் ஊர் உடல்வாகே கொஞ்சம் பாதகமானது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் இருவரும் தங்கள் உடம்பையே உதாரணமாக்கி 2004-இல் ஒரு படத்தை வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு (BMI) 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. கைமுதல் இப்படிக் குறைவாக இருக்கிற நாம், இருப்பதையும் கரைத்துவிடக் கூடாது.

இதற்கு நேர் எதிரான பயத்தோடும் ஆட்கள் வருகிறார்கள். சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் 29 வயது இளைஞர் ஒருவர். வாரம் நான்கு நாள் ஜிம். 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் பதிவு செய்துவிட்டு வாரம் ஐந்து நாள் ஓடினார். தோளில் எடையைத் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 100 கிலோ தூக்கியவர் இரண்டு மாதத்தில் 80-க்கு வந்துவிட்டார். "ஓடினா தசை போயிடும்னு ஜிம்ல எல்லாரும் சொன்னாங்க, நான்தான் கேக்கல" என்று நொந்துபோய், ஓட்டத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டார்.

ஜிம்மில் சொல்வதற்கு ஒரு மூலம் இருக்கிறது. 1980-இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு குழுவை வாரம் ஐந்து நாள் எடை தூக்கவும் அதோடு வாரம் ஆறு நாள் கடுமையான கார்டியோ செய்யவும் வைத்தார். பத்து வாரம். முதல் ஆறேழு வாரம் பலம் ஏறியது, அப்புறம் அப்படியே நின்றது, கடைசியில் இறங்கவே ஆரம்பித்தது. எடை மட்டும் தூக்கிய குழுவுக்குக் கடைசிவரை ஏறிக்கொண்டே போனது. அன்றிலிருந்து கார்டியோ தசைக்குப் பகை என்ற பேச்சு பரவிவிட்டது. ஆனால் அந்தக் கால அட்டவணையைப் பாருங்கள்: வாரத்தில் 11 பயிற்சி! அப்படி யார் செய்கிறோம்? பிற்பாடு வந்த 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2022-இல் வெளிவந்தது. இரண்டையும் செய்வதால் தசை வளர்ச்சியோ அதிகபட்ச பலமோ குறைவதில்லை என்பது அதன் முடிவு. தாவுவது, பாய்வது போன்ற வெடிப்பு வேகம் மட்டும் கொஞ்சம் அடிபடுகிறது, அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் செய்தால்தான் முக்கியமாக.

அந்த இளைஞரின் பலத்தைத் தின்றது ஓட்டம் இல்லை. 16 மணி நேரம் பட்டினி கிடக்கும் பழக்கத்தில் இருந்தார். ராத்திரி எட்டோடு சாப்பாடு முடிந்தது, காலையில் வெறும் வயிற்றில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், மதியம் பன்னிரண்டுக்குத்தான் முதல் சாப்பாடு. தூக்கம் ஐந்து மணி நேரம். இதில் கால் பயிற்சி செய்த மறுநாள் காலையே நீண்ட ஓட்டம் வேறு. தேறுவதற்கு உடம்புக்கு நேரமும் இல்லை, பொருளும் இல்லை. ஓட்டத்தை மூன்று நாளாக்கினோம். ஒரு நாள் நீளமாக, இரண்டு நாள் சுருக்கமாக. கால் பயிற்சிக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விட்டோம். ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. ஒன்றரை மாதத்தில் 95 கிலோவைத் தூக்கிவிட்டார், ஓட்டமும் கெடவில்லை.

ஒரே நாளில் இரண்டும் செய்தாக வேண்டும் என்றால் எதை முதலில் செய்வது? தசையைக் காப்பாற்றுவதுதான் குறிக்கோள் என்றால் எடையை முதலில் தூக்குங்கள், நடையோ ஓட்டமோ அப்புறம். களைத்த காலோடு எடை தூக்கினால் தூக்குவதும் குறையும், காயத்துக்கும் வழி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. தொடையில் ஏற்கெனவே பயிற்சிச் சுமை அதிகமாக இருப்பவர்களுக்கு ஓட்டத்தைவிட சைக்கிள் தோதாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடியிலும் தரையில் இடிபடும் வேலை அதில் இல்லை.

சரி, வங்கிக்காரருக்கு வருவோம். அவரிடம் நடையை நிறுத்தச் சொல்லவே இல்லை. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மனசுக்கும் அந்த நடை செய்வதை வேறு எதுவும் செய்துவிடாது. தமிழக அரசு 2023-இல் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தபோது நிஜமாகவே மகிழ்ந்தேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதலில் வாரம் 150 முதல் 300 நிமிட நடையோடு நின்றுவிடவில்லை. வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுப்பயிற்சி வேண்டும் என்ற வரியும் அதில் இருக்கிறது. முதல் பாதி ஊரெல்லாம் தெரிந்துவிட்டது, இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் எட்டை நான்கு கிலோமீட்டராக்கி, மிச்ச நேரத்தை வலுப்பயிற்சிக்கு எடுத்துக்கொண்டோம். ஜிம்முக்குப் போக அவருக்குக் கூச்சம், வீட்டிலேயே ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சுவரில் கையூன்றித் தள்ளுவது. மஞ்சப்பையில் அரிசி போட்டு, குனிந்து நின்று இடுப்புவரை இழுப்பது. படிக்கட்டு ஓரத்தில் நின்று குதிகாலை உயர்த்துவது. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று. இன்னும் இரண்டு முறைதான் முடியும் என்ற நிலை வரும்போது நிறுத்தச் சொன்னேன். அந்தக் கஷ்டம் வரவில்லையென்றால் சுமை போதவில்லை என்று அர்த்தம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஒரு கிலோ டம்பெல்லை வாங்கி வருஷக்கணக்கில் அதையே ஆட்டிக்கொண்டிருப்பார்கள். பைக்குள் அரிசி வாரத்துக்கு வாரம் கூட வேண்டும். மூன்று கிலோவில் தொடங்கியவர் மூன்று மாதத்தில் ஒன்பது கிலோவுக்கு வந்தார்.

இந்த வயதில் தசை ஏறுமா என்று அவர் மனைவி கேட்டார். 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி 90 வயதுள்ள பத்துப் பேருக்கு எட்டு வாரம் தீவிரமான கால் வலுப்பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதைச் சொன்னதும் அந்த அம்மாவையும் பயிற்சிக்கு அழைத்தேன். "வீட்டு வேலையே எனக்குப் போதுமுங்க" என்றார். நிறையப் பெண்கள் சொல்லும் பதில் இது. வீட்டு வேலை களைப்பைத் தரும், உண்மைதான். ஆனால் இருபது வருஷமாகத் தூக்கும் அதே குடத்தையும் அதே குக்கரையும்தான் தூக்குகிறார்கள். தசைக்குப் புதிதாக வளரக் காரணம் இல்லை. மாதவிடாய் நின்றபின் எலும்பும் சேர்ந்து தேய்கிறது. மேலே சொன்ன 2017 ஆய்வில், கார்டியோ மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி 3 சதவீதம் குறைந்தது, இரண்டும் செய்தவர்களுக்கு 1 சதவீதம்தான். எடை தூக்கினால் கை ஆம்பிளை மாதிரி தடித்துவிடும் என்று பயப்படும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாரம் இரண்டு நாள் பயிற்சியில் அப்படி யாருக்கும் ஆகி நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை இருந்தது. நடை முடிந்ததும் வண்டிக்கடையில் அருகம்புல் சாறு, வீட்டில் மூன்று இட்லி, மதியம் சோறு, சாம்பார், மோர், இரவு இரண்டு சப்பாத்தி, குருமா, இடையில் இரண்டு டீ. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். புரதம் 35 கிராம்கூடத் தேறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கும் அளவே ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதாவது அவருக்கு 60 கிராம். அறுபது தாண்டியவர்களுக்கும் எடை குறைக்கிறவர்களுக்கும் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல் வேண்டும் என்றே நான் சொல்வேன். பவுடர் டப்பா எதுவும் வாங்கவில்லை. காலையில் இரண்டு அவித்த முட்டை சேர்ந்தது, 12 கிராம். மதியம் சாம்பாரோடு கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்போ பச்சைப்பயறோ. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல். மோருக்குப் பதில் தயிர். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி அவர் வீட்டில் எப்போதும் உண்டு, அதை வாரம் இரண்டு நாளாக்கிக்கொண்டார். இட்லியும் சோறும் போகவில்லை, கொஞ்சம் ஒதுங்கி இடம் கொடுத்தன.

சிலர் இதையெல்லாம் தாமாக ஆரம்பிக்கக் கூடாது. நெஞ்சுவலி வருகிறவர்கள், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், சர்க்கரையால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள் முதலில் தங்கள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதத்தைக் கேட்காமல் கூட்டாதீர்கள். இன்சுலினோ சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குப் புதிய பயிற்சியால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், சட்டைப்பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ இருக்கட்டும். எல்லோருக்குமே, தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், எழும்போது வெளியே விடுங்கள்.

பதினான்காவது வாரம் அவர் கொஞ்சம் கோபமாகத்தான் வந்தார். "வெயிட்டு ஒண்ணே கால் கிலோ ஏறிப்போச்சுங்க." பெல்ட் எந்த ஓட்டையில் நிற்கிறது என்று கேட்டேன். குனிந்து பார்த்தார். அதே ஓட்டைதான். டேப்பை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றினேன், 33 செ.மீ. நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்கார 11 விநாடி. பிறகு, நான் சொல்லாமலே, கீழே விரித்திருந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்துவிட்டார். கை ஊன்றாமல் எழ இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.