மூன்று நாளில் மூன்று நிறம்

இரங்கூன் மல்லிக் கொத்து ஒன்றைக் கிட்டப்போய்ப் பாருங்கள். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று ஒரே கொத்தில் மூன்று விதப் பூக்கள் தொங்கும். இது ஒட்டுக்கட்டிய செடியோ என்று கேட்பவர்கள் உண்டு. மூன்றும் ஒரே பூதான், வயதுதான் வேறு.

பொழுது சாயும்போது பூ வெள்ளையாக விரிகிறது. மணமும் இரவில்தான் தூக்கல். பச்சையாக, மெல்லிசாக இருப்பதால் காம்பு என்று நாம் நினைப்பது உண்மையில் உள்ளே பொள்ளலான குழல். தேன் அதன் அடிமட்டத்தில் இருக்கிறது. அவ்வளவு ஆழத்துக்கு எட்டுகிற நீண்ட உறிஞ்சுகுழல் இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கு உண்டு. இருட்டில் அவற்றின் கண்ணுக்குத் தெரிய வெள்ளைதான் வசதி. விடிந்ததும் இதழில் அந்தோசயனின் என்ற நிறமி சேரத் தொடங்குகிறது. மறுநாள் இளஞ்சிவப்பு, மூன்றாம் நாள் நல்ல சிவப்பு. பக்கவாட்டில் நீட்டியிருந்த பூவும் மெல்லத் தலை கவிழ்கிறது. இப்போது வருபவர்கள் பகல்நேர ஆட்கள்: தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு.

செடியும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். நட்ட முதல் சில மாதங்கள் சாதாரணப் புதராக நிற்கும். அப்புறம் அடியிலிருந்து ஒரு நீளத் தண்டு கிளம்பி, கொடியாகிவிடும். 17-ஆம் நூற்றாண்டில், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போன் தீவில் வாழ்ந்த தாவர ஆய்வாளர் ரம்ஃபியஸ் இதற்கு ‘குவிஸ்குவாலிஸ்’ என்று பெயர் வைத்தார். லத்தீனில் ‘யார், எப்படிப்பட்டது?’ என்று பொருள். பொருத்தமான பெயர்தான். இன்று தாவரவியலில் இது காம்பிரீட்டம் பேரினத்தில் சேர்ந்துவிட்டது.

இதற்குப் பற்றுக்கம்பி கிடையாது. இலை உதிர்ந்தாலும் இலைக்காம்பின் அடிப்பகுதி தண்டிலேயே தங்கி, காய்ந்து இறுகி, முள்ளாகிவிடும். அதை மாட்டித்தான் கொடி மேலே ஏறுகிறது. வழுவழுப்பான சுவரில் மாட்ட இடமில்லை. கம்பிப்பந்தலோ மூங்கில் தட்டியோ வேண்டும்; முதலில் கயிற்றால் கட்டியும் விட வேண்டும்.

சரி, பூக்கவில்லை என்றால்? நல்ல வெயில் வேண்டும். பூ வருவது புதுத்துளிரின் நுனியில் என்பதால், ஒரு பருவம் பூத்து ஓய்ந்ததும் கவாத்து செய்யலாம். துளிர்விட்ட பிறகு நுனியை வெட்டினால் பூவையே வெட்டியதாகும். நானும் ஒரு வருடம் ஆசையாக யூரியா போட்டேன். பந்தல் முழுக்க இலை, நாலே நாலு கொத்துப் பூ.

வேரிலிருந்து தள்ளித் தள்ளிப் பக்கக்கன்றுகள் முளைக்கும். வேரோடு பெயர்த்து நட்டால் அடுத்த கொடி தயார். பெயர்க்க மறந்தால், பக்கத்துப் பாத்தியில் அது புதராக நிற்கும், முதல் சில மாதங்களுக்கு.