போன்ல கோடு இருக்கு, கேட்ல சங்கிலியும் இருக்கு

ஞாயித்துக்கிழமை காலைல கேட்ல காவல் நிக்கிற ஜாகா அண்ணன் போன் அடிச்சாலே எனக்கு தெரிஞ்சிடும், சைக்கிள் கேங் வந்தாச்சுன்னு. மலேசியால, ஜொகூர் குளுவாங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துல சேஃப்டி ஆபீசரா 11 வருஷமா இருக்கேன். மவுண்டன் பைக் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, என் தம்பி மவனே ஓட்டுறான். ஆனா ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நடந்தத பார்த்த பிறகு எழுதாம இருக்க முடியல.

அன்னிக்கு அஞ்சு பேரு. மெயின் கேட்ல வரல, மாரியம்மன் கோயிலுக்கு போற சின்ன பாதைல சங்கிலிக்கு அடியில சைக்கிள சாய்ச்சு நுழைச்சு வந்திருக்காங்க. பழம் சீசன், அதனால ஞாயிறும் ஓவர்டைம் வெட்டு. மேட்டுலேர்ந்து இறங்குற நெரைல எங்க ஆளு ஒருத்தரு குலை வெட்டிக்கிட்டு இருந்தாரு. உயரமான மரம், நீட்டு கம்பு நுனில அரிவாள், அண்ணாந்து பார்த்து இழுக்கிற வேலை, கீழ யாரு வர்றான்னு பார்க்க அவருக்கு ஏது கண்ணு? மொதல்ல மட்டை விழும், அப்புறம் குலை, ஒரு குலை 20 கிலோ சர்வ சாதாரணம். மொத சைக்கிள் தாண்டிடுச்சு. ரெண்டாவது ஆளுக்கு நேரா முன்னாடி மட்டை விழ, அவரு பிரேக்க அமுக்கி வழுக்கி ஓலை அடுக்கு மேல கைய ஊனி விழுந்தாரு.

மட்டை முள்ளு எப்படி இருக்கும்னு தோட்டத்துல பொறந்தவங்களுக்கு சொல்லத் தேவையில்ல. உள்ளங்கைல ஒன்னு, மணிக்கட்டு மூட்டுல ஒன்னு, ரெண்டும் உள்ளயே ஒடிஞ்சு நிக்குது. மேல பார்த்தா சின்ன கறுப்பு புள்ளிதான். மூட்டுக்குள்ள துண்டு தங்கிட்டா வாரக்கணக்கா வீங்கும், ஆபரேஷன் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

அவசர நம்பர் 999 அடிச்சு எங்க இருக்கீங்கன்னு கேட்டா அவங்களுக்கு சொல்லத் தெரியல. தோட்டத்துல ரோட்டு பேரா இருக்கு, காட்டு நம்பர்தான் (தோட்டத்த பிரிச்ச ஒவ்வொரு பகுதியையும் காடுன்னுதான் சொல்லுவோம்), அத எங்க ஆளுங்களாலதான் சொல்ல முடியும். அவங்க சொன்னது "செம்பனை மரத்துக்கு பக்கத்துல". குளுவாங்ல, செம்பனை மரத்துக்கு பக்கத்துல! கடைசில நானே நாலு சக்கர வண்டில போய் ஏத்திக்கிட்டு வந்தேன்.

வண்டில வர்றப்ப அவரு கேட்டாரு, "அண்ணே, இந்த டிராக் ஓப்பன்தானே, போன்ல கோடு இருக்கே".

ஆப் மேப்ல பாதைய காட்டுற இந்த கோடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியும். முன்ன ஒரு தடவ ஜம்போரின்னு பெரிய சைக்கிள் ஓட்டம் நடத்தினாங்க, முறையா லெட்டர் குடுத்து, ரூட்டு மேப் குடுத்து, இன்சூரன்ஸ் எடுத்து, ஆம்புலன்ஸ் நிறுத்தி. அந்த ஒரு நாளைக்கு நாங்க வெட்டு இல்ல, மருந்தடி (களைக்கொல்லி அடிக்கிறது) இல்லன்னு காட்டையே காலி பண்ணி குடுத்தோம். சாயந்தரத்தோட பெர்மிஷன் முடிஞ்சு போச்சு, ஆனா ஓட்டினவங்க போன்ல பதிஞ்ச கோடு முடியல, ஆப்ல ஏத்திட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் யாராச்சும் அத புடிச்சுக்கிட்டு வந்துக்கிட்டே இருக்காங்க.

மருந்தடிய பத்தி சொல்லியே ஆவணும். பாராகுவாட்ங்கிற களைக்கொல்லி 2020 ஜனவரியோட தடை ஆயிடுச்சு, சரி, அதுக்காக இப்ப அடிக்கிறது பன்னீர் இல்ல. எங்க பொம்பளைங்க பூட்ஸு, மாஸ்க், கையுறை, ஏப்ரன்னு மூடிக்கிட்டு அடிச்சுட்டு போன ஈரப் புல்லு மேல இவங்க அரைக்கால் சட்டைல ஓட்டுறாங்க. முன் சக்கரம் வாரி அடிக்கிற சேறு நேரா தண்ணி போத்தல் வாய் மேல படும், அப்படியே வாயால கடிச்சு இழுத்து குடிப்பாங்க. இத நானே பார்த்திருக்கேன், கத்தினேன், கையாட்டிட்டு போறாங்க.

சட்டம்னு பார்த்தா, நான் லாயர் இல்ல, வேலைல தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன். 1994 வேலையிட பாதுகாப்பு சட்டம் 17வது பிரிவு, எங்க தொழிலாளியா இல்லாதவங்களுக்கும் எங்க வேலையால ஆபத்து வராம பார்த்துக்கணும்னு சொல்லுது, மீறினா 2024 ஜூன்லேர்ந்து அபராதம் 500,000 வெள்ளி வரைக்கும் போகலாம். அதனாலதான் தோட்டத்து மேனேஜர், எங்க துரை, சங்கிலி போடுறாரு, கஞ்சத்தனம் இல்ல. உங்க பக்கம் பார்த்தா, சும்மா நுழைஞ்சதுக்கே சிவில் கேஸ் போடலாம், சேதம் ஆச்சுன்னு நிரூபிக்கணும்னு கூட இல்ல. கிரிமினல் கேஸுக்கு கெட்ட நோக்கம் இருக்கணும், ஆனா வெளிய போங்கன்னு சொன்ன பிறகும் வேணும்னே நின்னு ஜாகாவ அவமானப்படுத்தினா அந்த நோக்கத்த நீங்களே காட்டிட்டீங்க, பீனல் கோட் 447, ஜெயில் ஆறு மாசம் வரைக்கும். அப்படியே ஓட்டிக்கிட்டு தோட்டத்து எல்லைய தாண்டி வனத்துறை ரிசர்வ் காட்டுக்குள்ள பெர்மிட் இல்லாம போயிட்டா அது வேற கணக்கு, 1984 வனச் சட்டம் 47வது பிரிவு, 10,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல மூனு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். மரத்துக்கு எல்லாம் ஒரே பச்சைதான், எல்லைய போன் காட்டாது.

இன்னொன்னு, நம்ம ஆளுங்களே அடிக்கடி சொல்றது. "எங்க தாத்தா இங்க கித்தா (ரப்பர்) மரம் வெட்டினவரு, நான் யாருகிட்ட கேக்கணும்?" இத கேட்டா எனக்கு பதில் சொல்ல வாய் வர்றதில்ல, எங்க பாட்டியும் இதே லயத்துல, தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுல, இருந்தவங்கதான். கோலாலம்பூர்ல சைக்கிள்காரங்க கொண்டாடுற புக்கிட் கியாராவும் ஒரு காலத்துல கித்தா தோட்டம், அங்க வேலை செஞ்ச நம்ம குடும்பங்க பக்கத்துல நீண்ட வீட்டுல எத்தன வருஷம் வீட்டுக்காக காத்துக்கிட்டு கெடந்தாங்க. அந்த வலி நியாயம். ஆனா தாத்தா பேர சொல்லி நீங்க திட்டுறது துரைய இல்ல, கேட்ல நிக்கிற ஜாகா அண்ணன, அவரோட தாத்தாவும் அதே லயம்தான்.

கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ஆபீஸ் கிளார்க் கிராணிகிட்ட ஒரு லெட்டர், எத்தன பேரு, எந்த தேதி, யாரு பொறுப்பு, ஒரு போன் நம்பர், ரெண்டு வாரம் முன்னாடி. எந்த காட்டுல வெட்டு, எங்க மருந்தடின்னு பார்த்து வேற பாதை காட்டுவோம், இல்ல வேணாம்னு சொல்லுவோம்.

போன திங்கக்கிழமை அந்த முள்ளு குத்தின அண்ணன் ஆபீசுக்கு வந்தாரு, கட்டு இன்னும் பிரிக்கல, லெட்டர இடது கையால எடுத்து நீட்டினாரு. அவரு கேட்ட ஞாயிறு அந்த மேட்டுல மருந்தடி. அதுக்கு அடுத்த வாரம்னா ஆத்தோர பாதைல விடலாமான்னு கேட்டு துரை மேசைல வச்சிருக்கேன்.