லொட்ஜ்: கோயில் சுவரோரக் கொட்டிலில் பிறந்த சொல்

சின்ன வயதில் 'லயன்ஸ் கிளப்' என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டபோது, அது எங்கள் ஆட்களுக்கான கிளப் என்றுதான் நினைத்தேன். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயன் என்றால் வேறென்ன? மேட்டு லயன், பணிய லயன், பத்துக் காம்பரா லயன். வரிசை வீடுகளை வெள்ளைக்காரத் துரைமார் சொன்ன 'லைன்', எங்கள் வாயில் லயனாகி, லயமாகி, பிறந்து வளர்ந்த வீட்டுக்கே பெயராகிவிட்டது. ஆகவே தோட்டத்து வாசிகசாலையில் லயன்ஸ் கிளப் கண் முகாம் என்று சொன்னதும், நம்ம லயத்து ஆட்கள்தான் ஏதோ செய்கிறார்கள் என்று ஓடினேன். வாசலில் கட்டியிருந்த பதாகையில் இரண்டு சிங்கத் தலைகள். ஒன்று இடப்பக்கம் பார்க்கிறது, மற்றது வலப்பக்கம்.

அந்த முகாமில் என் அம்மாயிக்கு ஒரு மூக்குக் கண்ணாடி கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வேதாகமத்தை எடுத்து உட்கார்ந்தவரிடம், ஞாயிறு வந்த பாஸ்டர், கண்ணாடி உறையில் ஒட்டியிருந்த சிங்கத்தைக் காட்டி, "இந்த லயன்ஸ், ரோட்டரி எல்லாம் லொட்ஜ்காரனுங்க பெத்த புள்ளைங்க, தாயி. ஜாக்கிரதை" என்றார்.

அம்மாயி யோசித்துவிட்டுக் கேட்டார்: "லொட்ஜா? ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ரூம் குடுப்பாங்களே, அதுங்களா?"

பாஸ்டரால் விளக்க முடியவில்லை. அம்மாயி ஒட்டியிருந்த சிங்கத்தை நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அவர் கேட்ட கேள்விதான் இங்கே விஷயம். அறை வாடகைக்குத் தரும் லொட்ஜுக்கும், விசுவாசிகள் பயப்படும் லொட்ஜுக்கும், அதாவது ஃப்ரீமேசன் என்ற இரகசியச் சடங்குச் சகோதரத்துவத்தின் கிளைக்கும், என்ன உறவு?

ஒரே சொல்தான். பழைய பிரெஞ்சில் 'லோஜ்' என்றால் இலை தழையால் வேய்ந்த குடில். அதற்கும் பின்னால் உள்ள ஜெர்மானிய வேருக்கு இலை என்ற சொல்லோடு தொடர்பு உண்டு. ஹோட்டல் வாசலில் நாம் சொல்லும் 'லொபி'யும் அதே குடும்பம். இங்கிலாந்தில் பேராலயங்கள் எழும்பிய காலத்தில், கல் வேலை செய்பவர்கள் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கிக் கல் செதுக்க, உளி சுத்தியல் வைக்க, பகலில் கொஞ்சம் கண்ணயர ஒரு கொட்டகை போட்டுக்கொண்டார்கள். அதுதான் லொட்ஜ். யோர்க் பேராலயத்தில் 1370இல் எழுதிய வேலை ஒழுங்கு விதிகளில் அந்தக் கொட்டகைக்குள் எத்தனை மணிக்கு வர வேண்டும், எப்போது குடிக்கப் போகலாம் என்பதெல்லாம் இருக்கிறது. விதியை மீறுகிறவன் மேல் கடவுளின் சாபமும் புனித பேதுருவின் சாபமும் விழட்டும் என்று முடிகிறது அது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகளுக்கு அந்த வசதி இருந்திருந்தால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் தொண்டை கிழியக் கத்த வேண்டி வந்திருக்காது. ஆக, லொட்ஜ் கோயிலுக்கு எதிரே முளைத்த ஒன்றல்ல. கோயில் வேலைக்கென்றே போட்ட கொட்டில்.

அதில் வேலை செய்தவர்தான் 'மேசன்'. இந்தச் சொல்லும் நமக்குப் புதிதில்லை. செங்கல் கட்டுகிறவரை இன்றும் 'மேசன் பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறோம். மேசன் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது. பாஸ் ஒல்லாந்தரிடமிருந்து. இரண்டு ராஜ்ஜியங்களும் போய்விட்டன, கரண்டியோடு பாஸ் மட்டும் நிற்கிறார்.

'ஃப்ரீமேசன்' என்ற சொல்லில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் சறுக்குகிறார்கள். முன்னால் 'ஃப்ரீ' இருப்பதைப் பார்த்ததும் சுதந்திரம், கட்டற்ற, விடுதலை என்று தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பக்கம் உளி வைத்தாலும் பிசிறில்லாமல் வெட்டுப்படும் மென்மையான கல்லை ஆங்கிலத்தில் 'ஃப்ரீஸ்டோன்' என்பார்கள். சிற்பமும் ஜன்னல் வளைவும் அதில்தான் செய்வது. அந்தக் கல்லில் வேலை தெரிந்தவன் ஃப்ரீஸ்டோன் மேசன், சுருக்கமாக ஃப்ரீமேசன் என்பது ஒரு கருத்து. எந்த நகரத்துக் கட்டுக்கும் உட்படாதவன் என்பதால் வந்த பெயர் என்பது இன்னொன்று. எனக்கு முதலாவதுதான் சரியாகப் படுகிறது. ஏனென்றால் தமிழில் அந்த ஆளுக்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது. செங்கல் வைப்பவர் கொத்தனார், கல் செதுக்குபவர் கல்தச்சர். 'சுதந்திரக் கொத்தனார்' என்று எழுதினால் யாரோ லீவு எடுத்துக்கொண்டு போன மேசன் பாஸ்தான் கண்முன் வருகிறார்.

சரி, கல்தச்சரின் கொட்டில் எப்படிக் கனவான்களின் மண்டபமானது? பேராலயம் கட்டும் காலம் முடிந்துவந்தது. கல்லைத் தொட்டே பார்க்காத பிரபுக்களும் வணிகர்களும் பாதிரிமாரும் அந்தக் கல்தச்சர்களின் சடங்குகளில் மயங்கி உள்ளே வந்தார்கள். 1717இல் லண்டனில் நான்கு லொட்ஜுகள் சேர்ந்து ஒரு தலைமை லொட்ஜை அமைத்தன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. 1723இல் அதன் விதிநூலை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சன் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். எல்லா மனிதரும் ஒத்துக்கொள்ளும் மதம் எதுவோ அது போதும், மற்றதை அவரவர் மனதோடு வைத்துக்கொள்ளட்டும் என்று அவர் எழுதிவைத்தார். கடவுளுக்கு அங்கே பெயர், 'பிரபஞ்சத்தின் மகா சிற்பி'. இந்து, முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்யலாம். இயேசுவின் பெயர் சொல்லப்படுவதில்லை.

கிறிஸ்தவச் சந்தேகத்துக்கு வேர் இங்கேதான். 1738இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமெண்ட் முதல் தடையைப் போட்டபோது சொன்ன காரணம், தப்பு செய்யாதவர்கள் வெளிச்சத்தை ஏன் இப்படி வெறுக்க வேண்டும் என்பது. 1884இல் பதின்மூன்றாம் சிங்கராயர் இன்னும் நீளமாக, இன்னும் காரமாக ஒரு சுற்றுமடல் எழுதினார். லியோ என்றால் சிங்கம். அதைத் தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் ஆக்கியது எவ்வளவு அழகு! இதே சிங்கராயர்தான் 1893இல் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பாப்பரசர் குருமடத்தை நிறுவியவர். அது 1955இல் பூனாவுக்குப் போய்விட்டது, இடம் இன்று தேசியக் குருமடம். லொட்ஜை எதிர்த்துப் பேனா பிடித்த கை நம் மலையையும் தொட்டிருக்கிறது.

1983இல் புதிய திருச்சபைச் சட்டம் வந்தபோது மேசன் என்ற பெயர் அதில் இல்லை. தடை போய்விட்டது என்று பலர் நினைத்தார்கள். அதே வருடம் நவம்பரில், பின்னாளில் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிவிப்பு, சேருகிறவர்கள் கனமான பாவத்தில் இருக்கிறார்கள், நற்கருணை வாங்கக் கூடாது என்றது. 2023 நவம்பரில் வத்திக்கானிலிருந்து பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவருக்குப் போன பதிலும் அதையே சொன்னது.

கத்தோலிக்கர் மட்டும் என்றில்லை. பிரித்தானிய மெதடிஸ்ட் சபை 1985இலும், இங்கிலாந்துத் திருச்சபை 1987இலும், கிறிஸ்தவனும் மேசனும் ஒருவராக இருப்பதில் கடும் சிக்கல் இருப்பதாக அறிக்கை வெளியிட்டன. வேடிக்கை என்னவென்றால், அதே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயராகக் கன்டபரியில் 1945 முதல் 1961 வரை இருந்த ஜெஃப்ரி ஃபிஷர் ஒரு மேசன். இலங்கைக்கு லொட்ஜ் ஒல்லாந்தர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், கொழும்புக்கு வந்துவிட்டது. நம் மலைகளில் 1854இல், தோட்டத் தொழிலாளரிடையே கிறிஸ்தவம் பரப்பத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்றவர்கள் தோட்டத் துரைமார். அந்த வர்க்கத்துக்கு லொட்ஜும் கோயிலும் கிளப்பும் அக்கம்பக்கத்து வீடுகள். நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. சுதந்திரம் கிடைத்துப் பல வருடமான பின்னும் உள்ளூர்க்காரருக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. நம் ஆட்களுக்குக் கிளப் என்றாலே சாத்திய கதவு. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அங்கே வேலை செய்த அப்புமார் வந்து சொன்னால்தான் உண்டு. சந்தேகத்துக்கு இறையியல் தேவைப்படாத இடம் இது.

அப்புறம், ஒரு பொய்யும் இந்தச் சந்தேகத்தில் கலந்திருக்கிறது. லொட்ஜில் சாத்தானைக் கும்பிடுகிறார்கள் என்ற கதையைப் பெரிய அளவில் பரப்பியவர் லியோ டாக்ஸில் என்ற பிரெஞ்சு எழுத்தாளர். பன்னிரண்டு வருடம் புத்தகம் புத்தகமாக எழுதி, 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸில் கூட்டம் கூட்டி, எல்லாம் நான் இட்டுக்கட்டியது என்று அவரே ஒப்புக்கொண்டார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அவர் கதைகள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன, 'இலுமினாட்டி' என்ற தாளிப்போடு.

லயன்ஸும் ரோட்டரியும் இதில் எங்கே வந்தன? ரோட்டரி 1905இல், லயன்ஸ் 1917இல், இரண்டும் சிக்காகோவில் பிறந்தன. லயன்ஸைத் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் ஒரு மேசன். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் 'லொட்ஜ் பெற்ற பிள்ளை' என்கிறார்கள். ரோட்டரி என்ற பெயருக்குக் காரணம், கூட்டம் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்தில் சுழன்று நடந்தது, அவ்வளவுதான். அதன் சின்னத்தில் உள்ள இருபத்துநான்கு பல் சக்கரத்தைப் பார்த்தால் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலைதான் ஞாபகம் வரும். ஆனாலும் 1951 ஜனவரியில் வெளியான வத்திக்கான் ஆணை, குருமார் ரோட்டரியில் சேரவே கூடாது என்றது. பொதுநிலையினருக்கும் எச்சரிக்கை. பிறகு காற்று மாறியது. 1979இல் ரோட்டரி உலக மாநாடு ரோமில் நடந்தபோது பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவர்களைச் சந்தித்துப் பேசினார். இப்போதைய பாப்பரசர் பதினான்காம் லியோ பிறந்ததும் சிக்காகோவில்தான். லயன்ஸ், ரோட்டரி, ஒரு சிங்கராயர், மூன்றும் ஒரே ஊர்.

இனி, இந்தக் கூட்டங்களுக்குத் தமிழில் நேர்ச்சொல் என்ன என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 'அரிமா சங்கம்', 'சுழற்சங்கம்' என்று அழகாக எழுதுகிறார்கள். நாம் 'லயன்ஸ் கழகம்', 'ரோட்டரிக் கழகம்' என்கிறோம். காரணம் இருக்கிறது. மலையகத்தில் சங்கம் என்றால் தொழிற்சங்கம். சந்தா, தலைவர், மாவட்டப் பிரதிநிதி. அதற்குள் லயன்ஸைப் போட்டால் குழப்பம்.

ஆனால் கழகம் மட்டும் சுத்தமான சொல்லா? திருக்குறளில் சூது அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 'பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்.' அங்கே கழகம் என்றால் சூதாடும் இடம்! அங்கே காலம் கழிந்தால் காசும் போகும், குணமும் போகும். கம்பரிடம் வரும்போது அதே சொல் 'கலை தெரி கழகம்' ஆகி, இளைஞர் கலை பயிலும் இடமாகிவிட்டது. சபையும் அப்படித்தான். பாஸ்டர் தன் கூட்டத்தைச் சபை என்கிறார், பாஞ்சாலியைப் பணயம் வைத்துச் சூதாடியதும் ஒரு சபையில்தான்.

இந்தக் கூட்டங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். சேவைக்கு மட்டும் கூடுவது 'சேவைக் கழகம்'. இதில் சிக்கல் இல்லை. உறுப்பினர் ஒருவருக்கொருவர் கைகொடுக்கக் கூடும் கூட்டம் 'சகோதர உதவிச் சங்கம்'. இது அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம், தோட்டத்து மரணாதாரச் சங்கம் அச்சு அசல் அதுதான். மாதம் கொஞ்சம் காசு, ஒரு சீ.ஆர். கொப்பி, சாவு விழுந்தால் பெட்டிக்குப் பணம், படங்கு, கதிரை. இங்கிலாந்துத் தொழிலாளர் 'ஒட் ஃபெலோஸ்' போன்றவற்றில் சேர்ந்ததும் பெரும்பாலும் இதற்காகவே. சடங்கும் இரகசியமும் கூட இருந்ததால் 1894இல் வத்திக்கான் அதையும் தடுத்தது. கூடவே மது குடிக்க மாட்டோம் என்று உறுதி எடுத்த ஒரு சங்கத்தையும் தடுத்தது. அமெரிக்கக் கத்தோலிக்கருக்கோ 1882இலேயே மக்கிவ்னி என்ற குரு, கொலம்பஸின் வீரர்கள் என்று சொந்தமாக ஒரு உதவிச் சங்கத்தைத் தொடங்கிக் கொடுத்திருந்தார்.

மூன்றாவது வகை, சத்தியம் வாங்கிக் கதவைச் சாத்துவது. விசுவாசிகளின் உண்மையான முறைப்பாடு இதன் மேல்தான். 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்று மத்தேயுவில் இருக்கிறது. 'அந்தரங்கத்திலே நான் ஒன்றும் பேசவில்லை' என்று யோவானில் இயேசு சொல்கிறார். இதற்கு 'மறைசங்கம்' என்று ஒரு சொல் செய்யலாமே என்று தோன்றும். கூடாது. கத்தோலிக்கத் தமிழில் மறை என்றால் வேதம். மறைமாவட்டம், மறைக்கல்வி, மறையுரை. மறைசங்கம் என்று அறிவித்தால் ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் பெயர் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். எனக்குப் பிடித்தது 'கமுக்கச் சங்கம்'. கமுக்கம் நல்ல தமிழ், வாயிலும் இருக்கிறது: "கமுக்கமா இருந்துட்டு காரியத்தை முடிச்சிட்டான்." சந்தேகமும் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

லொட்ஜுக்கு? நேர்ப்பொருள் பார்த்தால் கொட்டில். ஆனால் கொட்டில் என்றால் இங்கே மாடு கட்டும் இடம், கோட்டு சூட்டுப் போட்ட கனவான்களை அதற்குள் அனுப்ப எனக்கு மனமில்லை. மேசன்களின் கிளையைச் சொல்லும்போது 'மேசன் மன்றம்' என்று எழுதலாம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லொட்ஜ் அப்படியே இருக்கட்டும். இலை தழைக் குடிலில் ஒதுங்கிப் படுப்பது என்ற ஆதிப் பொருளுக்குக் கிட்டே நிற்பது அதுதான், அம்மாயி சொன்னதும் அதைத்தான்.