கோட்டூ: தாவு கூற்று

ஓடிக்கொண்டிருக்கும் செய்நிரலை, அடுத்த வரிக்குப் போகவிடாமல், அடையாளமிட்ட வேறொரு வரிக்கு நேரே அனுப்பும் கூற்றுதான் கோட்டூ. 'போ', 'இன்ன இடத்துக்கு' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் ஒட்டிய பெயர். 1957இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியிலேயே இது உண்டு; போகவேண்டிய இடத்தை அங்கே ஓர் எண் காட்டும். சி மொழியில் அந்த வேலையைச் சிட்டை, அதாவது லேபிள், செய்கிறது.

வெள்ளவத்தை ரியூசன் வகுப்புகளில் உயர்தரத்துக்குப் பைதன் படிக்கும் பிள்ளைகள் இதைக் காண்பதில்லை. பைதனில் கோட்டூ கிடையாது. அப்புறம் கம்பஸில் சி தொடங்கும்போது, 'இதைப் பாவிக்கக்கூடாது' என்ற தடையோடுதான் பலருக்கு அறிமுகமாகிறது. தடை மட்டும் போதாது, காரணமும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டும்.

காரணத்தைத் தெளிவாக எழுதியவர் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, 1968இல். ஓடும் செய்நிரலை ஒரு கணம் நிறுத்தி, 'இந்த வரிக்கு எப்படி வந்தோம்?' என்று கேளுங்கள். மீள்செயலுக்குள், அதாவது லூப்புக்குள், நின்றால், எந்த வரி, எத்தனையாவது சுற்று என்று தெரிந்தாலே போதும். சிட்டையிட்ட வரியில் நின்றால்? மேலிருந்தும் வந்திருக்கலாம், கீழிருந்தும் வந்திருக்கலாம். அந்த இடத்தில் ஒரு மாறியின் பெறுமதி என்ன என்று சொல்ல, அங்கே வந்துசேரும் எல்லா வழிகளையும் தேடிப் பார்க்கவேண்டும். குழப்பம் தாவுவதால் வருவதில்லை; வந்த தடம் தெரியாமல் போவதால் வருகிறது.

அதனால்தான் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில், அதாவது கேர்னலில், கோட்டூ நிறைய இருந்தும் தெளிவு கெடவில்லை. நினைவகம் எடுத்தாயிற்று, பூட்டுப் போட்டாயிற்று, நடுவில் ஒரு பிழை. உடனே செயற்கூற்றின், அதாவது ஃபங்ஷனின், அடிக்குத் தாவி, எடுத்ததை எல்லாம் தலைகீழ் வரிசையில் விடுவித்துவிட்டு வெளியேறுகிறார்கள். இப்படித் தாவுவது கீழ்நோக்கி, ஒரே நோக்கத்துக்காக. என்ன செய்யப்போகிறது என்பதைச் சிட்டையின் பெயரே சொல்லவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். இதையே அடுக்கடுக்கான நிபந்தனைகளாக எழுதினால் வாசிப்பவருக்குத்தான் சிரமம். மேல்நோக்கித் தாவி மீள்செயலை உண்டாக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அதற்கென்றே வேறு கூற்றுகள் இருக்கின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'செல் கூற்று' என்றால் பெயரா வினையா என்று தடுமாறவேண்டியிருக்கும். நீளம் பாய்தல், உயரம் பாய்தல் என்று பழகிய நமக்குப் 'பாய்' இயல்பாக வரும். ஆனால் பாய்ச்சற் கோட்டுப்படம் (ஃப்ளோசார்ட்) என்ற பெயரில் அந்த வேர் ஏற்கெனவே ஒழுங்கான ஓட்டத்தைக் குறிக்கிறது. அதே வேரை ஓட்டத்தை முறிக்கும் கூற்றுக்கும் வைப்பது பொருந்தாது. 'தாவல்' என்று மட்டும் எழுதினால், உலாவியில் திறக்கும் 'புதிய தாவல்' நினைவுக்கு வரும்.

ஆகவே 'தாவு கூற்று'. கிளைவிட்டுக் கிளை போகும் குரங்கு நடுவே எதையும் தொடாது; இடையிலுள்ள வரிகள் நிறைவேறாமலே போவதை இந்த வினை அப்படியே காட்டுகிறது. சேருமிடத்தைத் 'தாவு சிட்டை' என்றும், பொறிமொழியில் இதற்கு அடிப்படையான ஜம்பைத் 'தாவு அறிவுறுத்தல்' என்றும் சொன்னால் மூன்றும் ஒரே வேரில் அமையும்.