கிட்ஸ் மெனு கேட்கும் பெரியவர்கள்

என் மேசையில் சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் டபராவோடு காபி கொடுப்போமே, அதே டம்ளர்தான். விளிம்பு வரை ஊற்றினால் 150 மில்லி பிடிக்கும். எடைக் குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும்போது முதலில் அதைக் கையில் கொடுத்துவிடுவேன். "இப்போதைக்கு உங்கள் வயிறு இவ்வளவுதான்" என்று சொன்னால் புரியாதது, டம்ளரைப் பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும். அந்த அறுவை சிகிச்சையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒரு குழாய். எடைக் குறைப்புக்காகவே செய்யப்படும் இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு இன்னும் குறைவு, ஆரம்பத்தில் இரண்டு மேசைக்கரண்டி அளவுதான் கொள்ளும்.

வீட்டுச் சமையலில் இதைச் சமாளித்துவிடுகிறார்கள். சிக்கல் வருவது வெளியே சாப்பிடப் போகும்போதுதான்.

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மறுபரிசோதனைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், சிகிச்சை முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பேரனுடைய பிறந்தநாளுக்குக் குடும்பமாக ஓர் உணவகத்துக்குப் போயிருக்கிறார்கள். மெனு அட்டையின் பின்பக்கத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பட்டியல். அதில் இருந்த ஒரு தட்டு அவருக்காகவே போட்டதுபோல் இருந்ததாம்: இரண்டு துண்டு கிரில் சிக்கன், கொஞ்சம் வேகவைத்த காய், ஒரு கரண்டி சாதம். அதைக் கேட்டதும் ஆர்டர் எடுக்க வந்த தம்பி, "சாரி மேடம், அது பன்னிரண்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார்.

சம்பந்தி வீட்டார் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஆபரேஷன் கதையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. சரி, பரவாயில்லை என்று பெரியவர்களுக்கான தட்டையே வாங்கிக்கொண்டார். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் "சோற்றை வீணாக்காதே" என்று சொல்லிக்கொடுத்தவருக்குத் தட்டில் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கக் கூச்சம். இன்னும் நாலு வாய், இன்னும் நாலு வாய் என்று சாப்பிட்டிருக்கிறார். நெஞ்சுக்குக் கீழே கல் வைத்ததுபோல் வலி வந்து, கழிவறைக்குப் போய் மொத்தத்தையும் வாந்தி எடுத்திருக்கிறார். "கேக் வெட்டும்போது நான் அங்கே இல்லம்மா" என்றார். அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

இந்த வயது வரம்பு உணவகங்களில் எப்படி நுழைந்தது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்தது. மது விற்ற வருமானம் போனதும் பெரிய ஹோட்டல்கள் குடும்பங்களை வரவழைக்கப் பார்த்தன. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா 1921இல் குழந்தைகளுக்கென்று தனி மெனு போட்டது. குழந்தைக்குக் காரம், எண்ணெய் இல்லாத தனி உணவுதான் கொடுக்க வேண்டும் என்று அந்தக் காலத்து மருத்துவர்கள் சொல்லிவந்ததும் அதற்குத் துணையாக இருந்தது. ஆக, அந்தப் பட்டியலில் வயது முக்கியமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. இன்று அதே பட்டியலில் நக்கெட்ஸும் ஃபிரைஸும் நூடுல்ஸும்தான் பெரும்பாலும் இருக்கின்றன. வயதுக்கேற்ற உணவு என்ற யோசனை போய்விட்டது. வயது வரம்பு மட்டும் நிற்கிறது.

வயதைக் கொண்டு சாப்பாட்டின் அளவைத் தீர்மானிக்க முடியுமா? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். 10 முதல் 12 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 2,220 கிலோ கலோரி தேவை. உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு 1,660 போதும். அதாவது கிட்ஸ் மெனுவுக்குத் தகுதியான பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைவிட அதிகம் வேண்டும். அவனுக்கு வருவதோ சின்னத் தட்டு, அம்மாவுக்குப் பெரிய தட்டு. அறுபதைத் தாண்டிய பாட்டிக்குத் தேவை இன்னும் குறைவு.

என்னிடம் வருபவர்களில் இந்தச் சிக்கல் ஸ்லீவ் செய்தவர்களுக்கு மட்டும் இல்லை. இரைப்பைப் புற்றுநோய்க்காக வயிற்றை எடுத்தவர்கள், கீமோ நடக்கும்போது நாலு வாய்க்கு மேல் இறங்காதவர்கள், சர்க்கரை நோய் வந்தபின் சோற்றின் அளவைக் குறைத்தவர்கள், பல் போன தாத்தாக்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவர்களில் பலர் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். "நீங்க போயிட்டு வாங்க, எனக்குப் பசியில்ல" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

நம் ஊர் ஹோட்டல்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. அன்லிமிடெட் சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே 'அளவு சாப்பாடு' என்று போர்டில் எழுதியவர்கள்தானே நாம்? மினி டிபன், ஹாஃப் பிரியாணி, ஒன் பை டூ சூப் எல்லாம் யாருடைய வயதையும் கேட்டு விற்பதில்லை. வயது பார்க்கும் பழக்கம் குடும்ப உணவகங்களிலும் பஃபேக்களிலும்தான் அதிகம். பஃபேயில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு விலை, ஒரு கப் மட்டும் சாப்பிடக்கூடிய பெரியவருக்கு முழு விலை. அதோடு 'ஒரு சாப்பாட்டை இருவர் பகிர அனுமதி இல்லை' என்ற அறிவிப்பும் ஒட்டியிருந்தால், இவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போகிறது.

உணவகம் நடத்துபவர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். என் நோயாளி ஒருவரின் தம்பி ஹோட்டல் வைத்திருக்கிறார். "வாடகை, கரண்ட், மாஸ்டர் சம்பளம் எல்லாம் தட்டு சின்னதானாலும் அதேதான் மேடம். பிள்ளைங்க தட்டுல லாபம் கிடையாது, குடும்பம் வரணும்னுதான் போடறோம். பெரியவங்களும் அதையே கேட்டா கட்டுப்படியாகாது" என்றார். அது உண்மைதான். அதனால் நான் கேட்பது குழந்தை விலையை அல்ல. பாதி அளவுக்கு முக்கால் விலை வையுங்கள். என் நோயாளிகள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். பட்டியலில் '12 வயதுக்குள்' என்பதை எடுத்துவிட்டுச் 'சிறிய அளவு' என்று போட்டால் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அதுவரை என் நோயாளிகளுக்கு நான் சொல்வது இதுதான். போவதற்கு முன்பே ஃபோன் செய்து கேளுங்கள். நேரில் என்றால் ஆர்டர் எடுக்கும் பையனிடம் வாதம் வேண்டாம், விதியை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. மேனேஜரை அழைத்து, "வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கு, சின்ன அளவுதான் சாப்பிட முடியும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். எந்த ஆபரேஷன், எத்தனை கிலோ என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் சில மருத்துவமனைகள் இதற்கென்றே நோயாளிகளிடம் ஒரு அட்டை கொடுக்கின்றன. உணவகம் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, ஆனாலும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகிறது. நானும் கேட்பவர்களுக்கு லெட்டர்ஹெட்டில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கிறேன்.

மறுத்துவிட்டால் முழுத் தட்டையே வாங்குங்கள். ஆனால் சாப்பிடத் தொடங்கும் முன்பே பாதியைப் பார்சல் டப்பாவுக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள். கண்ணெதிரே இருந்தால் கை போகும், அந்த ஆசிரியைக்கு நடந்ததும் அதுதான்.

கிட்ஸ் மெனு கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். வயிறு சின்னதான பிறகு ஒவ்வொரு வாயும் புரதத்துக்குப் போக வேண்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. மைதாவும் பொரித்த உருளைக்கிழங்கும் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அடைத்துக்கொள்ளும். அதைவிட ஆம்லெட், ஒரு துண்டு மீன் கிரில், பனீர் டிக்கா நாலு துண்டு, ஒரு கிண்ணம் பருப்பு என்று தனித்தனியாகச் சொல்வது மேல். இவற்றுக்கு வயது வரம்பும் கிடையாது. மெதுவாக, இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டு சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

பத்து அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள் ஒரு பரிமாறலின் அளவையும் கலோரியையும் மெனுவில் காட்ட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

உடன் போகும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். "ஏன் இவ்வளவுதான் சாப்பிடறீங்க, காசு கொடுத்ததுதானே" என்று மேசையில் வைத்துச் சொல்லாதீர்கள். மேனேஜரிடம் கேட்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியையின் மகள் போன மாதம் அப்படித்தான் செய்தார். கல்யாண நாளுக்கு வேறு ஓர் உணவகத்துக்கு முன்கூட்டியே ஃபோன் செய்து, அம்மாவுக்கு என்று அரை அளவு மீன் கிரில் சொல்லி வைத்திருக்கிறார். அம்மாவுக்கு அது தட்டு வந்தபோதுதான் தெரியும். பாயசத்தில் ஒரு ஸ்பூன் ருசி பார்த்ததையும் என்னிடம் மறைக்காமல் சொன்னார்.