வாய்க்காலில் விழுந்த புயல் மரம்: யார் அகற்ற வேண்டும், எந்த விதியைச் சொல்லிக் கேட்பது

புயல் கடந்த மறுநாள் எல்லாரும் சாலையைத்தான் பார்க்கிறார்கள். சாலையில் கிடக்கும் மரம் ஓரிரு நாளில் போய்விடும். வாய்க்காலுக்குள் விழுந்தது அங்கேயே கிடக்கும். அதன் கிளைகளில் ஆகாயத்தாமரை வந்து சிக்கும், அதன்மேல் வைக்கோல், பாலித்தீன், அறுந்த கூரைத் தகடு என்று ஒவ்வொன்றாக அடையும். அடுத்த மழையில் வாய்க்காலின் நடுவே ஓர் அணை தயாராக இருக்கும். தண்ணீர் பின்வாங்கித் தெருவுக்குள் வரும், இல்லையென்றால் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் போகும். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மழைக்கும் அடுத்ததற்கும் சில நாள் இடைவெளிதான் கிடைக்கும். எனவே மனு சரியான மேசைக்கு முதல் நாளே போக வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: இதற்குப் பணம் ஒதுக்க வழி ஏற்கெனவே இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியைச் செலவிட மத்திய அரசு வகுத்த வரையறையில், உடனடிப் பழுதுபார்ப்புப் பணிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பாசனம் என்ற தலைப்பின் கீழ், கால்வாய்களிலும் வடிகால்களிலும் அடைந்த செடிகொடிகள், கட்டுமானப் பொருள்கள், இடிபாடுகள் ஆகியவற்றை அகற்றும் பணி தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பொது இடங்களில் இடிபாடு அகற்றுவதும், தேங்கிய வெள்ளத்தை வடிப்பதும் அதே வரையறையில் தனி இனங்கள். இந்த இரண்டுக்கும் பணி தொடங்கியதிலிருந்து 30 நாளுக்குள் ஆகும் உண்மைச் செலவை, பேரிடர் மேலாண்மைக்கான மாநிலச் செயற்குழுவின் மதிப்பீட்டின்படி நிதியிலிருந்து எடுக்கலாம். தமிழ்நாட்டுக்கு இந்த நிதியில் மத்திய அரசின் பங்கு 75 சதவீதம், மாநிலத்தின் பங்கு 25 சதவீதம். புயலும் வெள்ளமும் அறிவிக்கப்பட்ட பேரிடர்கள் என்பதால் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

"டெண்டர் விட்டுத்தான் செய்ய முடியும், ஒரு மாதம் ஆகும்" என்ற பதிலை அடிக்கடி கேட்கலாம். சாதாரண நாளில் அது நியாயமான பதில். பேரிடர் நேரத்தில் சட்டம் வேறு மாதிரிப் பேசுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 34-ஆம் பிரிவு, இடிபாடுகளை அகற்றும் அதிகாரத்தை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு, அதாவது ஆட்சியர் தலைமையிலான அமைப்புக்குத் தருகிறது. மீட்புக்கோ நிவாரணத்துக்கோ உடனடியாகத் தேவை என்று ஆணையம் கருதினால், ஒப்பந்தப்புள்ளி கோரும் நடைமுறையைத் தவிர்க்க 50-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தனியார் வண்டியையும் இயந்திரத்தையும் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள 65-ஆம் பிரிவு; அதற்கு இழப்பீடு கொடுக்க 66. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டம் 1998-உம் இயற்கைப் பேரிடருக்கு 16-ஆம் பிரிவில் விலக்கு வைத்திருக்கிறது. மனுவில் இந்தப் பிரிவு எண்களைக் குறிப்பிடுவது யாரையும் மிரட்டுவதற்கு அல்ல. வேலையை உடனே தொடங்க நினைக்கும் பொறியாளருக்கே கோப்பில் காட்ட அது ஓர் ஆதாரம்.

நிதியும் சட்டமும் இருக்கிறது என்றவுடன் ஒரு தவறான நம்பிக்கை வந்துவிடக் கூடாது. ஊர்க்காரர்கள் சொந்தக் காசில் பொக்லைன் வைத்து அகற்றிவிட்டுப் பிறகு ரசீதோடு போய்ப் பணம் கேட்டால் கிடைப்பது அரிது. இயந்திரத்தை நிர்வாகம் அமர்த்தியதாகவோ 65-ஆம் பிரிவின் கீழ் எடுத்ததாகவோ எழுத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

இனி, எந்த அலுவலகம்? மனுக்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். "எங்கள் எல்லை இல்லை" என்ற ஒரு வரியில் ஒரு வாரம் போய்விடும்.

ஆறு, பெரிய வாய்க்கால், வடிகால், 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி ஆகியவை நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. பொதுப்பணித் துறையிலிருந்து 2021-இல் அது தனித் துறையானது. இன்றும் கிராமத்தில் "பொதுப்பணித் துறை" என்றே சொல்வார்கள், மனுவில் நீர்வளத் துறை என்று எழுதுங்கள். பிரிவு அலுவலகத்தில் இருக்கும் உதவிப் பொறியாளர்தான் உங்கள் ஆள், களத்தில் லஸ்கர், அதாவது ஷட்டரையும் கரையையும் கவனிக்கும் துறைப் பணியாளர். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் போக வேண்டும். ஊருக்குள் ஓடும் சாக்கடை, தெருவடிகால், ஊராட்சிச் சாலையின் சிறுபாலம் ஆகியவை ஊராட்சியின் கடமை என்று தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆம் பிரிவு சொல்கிறது. நகரங்களில் மழைநீர் வடிகால் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ உரியது. சென்னையில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் மூன்றும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன, தெரு மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம்.

சிறுபாலம்தான் எப்போதும் சண்டைக்குரிய இடம். வாய்க்கால் ஒரு துறையிடம் இருக்கும், அதன் மேல் போகும் சாலை இன்னொரு துறையிடம் இருக்கும். மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற உதவி எண், ரயில் பாதை என்றால் ரயில்வேயின் பொறியியல் பிரிவு. அடைப்பு பாலத்தின் கண்ணுக்குள், அதாவது தண்ணீர் போகும் திறப்புக்குள் இருந்தால் இரு துறைக்கும் ஒரே மனுவின் நகலைக் கொடுத்து, மூன்றாவது நகலை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு துறை மற்றொன்றைக் கை காட்டும்போது, இருவரையும் ஒரே இடத்துக்கு வரவழைக்க ஆட்சியரால்தான் முடியும்.

வாய்க்கால் யாருடையது என்று தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் பாருங்கள். "வாய்க்கால் புறம்போக்கு" என்ற குறிப்போடு புல எண் இருக்கும். மனுவில் இந்தப் புல எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. "எங்கள் ஊர் வாய்க்கால்" என்று எழுதிய மனு எங்கேயும் போகாது.

மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"பெறுநர்: உதவிப் பொறியாளர், நீர்வளத் துறை, ... பிரிவு. நகல்: மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர். ... வட்டம், ... கிராமம், புல எண் ...-இல் உள்ள ... வடிகாலில், ... சிறுபாலத்திலிருந்து கிழக்கே 40 மீட்டரில், ... தேதி வீசிய புயலில் 3 மரங்கள் குறுக்கே விழுந்துள்ளன. அடைப்பின் நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 1.5 மீட்டர். மேற்புறம் நீர்மட்டம் கீழ்ப்புறத்தைவிட 60 செ.மீ. உயர்ந்து நிற்கிறது. கரை மட்டத்துக்கு இன்னும் 30 செ.மீ. மட்டுமே உள்ளது. உடைந்தால் ... தெருவின் வீடுகளும் ... ஏக்கர் நெல்லும் மூழ்கும். மின்கம்பி உள்ளது / இல்லை. கனரக இயந்திரம் வர வடகரையில் பாதை உள்ளது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி வரையறையின் உடனடிப் பணிகளின் கீழ் அகற்றித் தர வேண்டுகிறோம்."

இதில் மிக முக்கியமானது மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வித்தியாசம். அந்த ஓர் எண்ணைப் பார்த்ததும் பொறியாளருக்கு அவசரம் புரிந்துவிடும். அளக்கக் கருவி வேண்டாம். இரு பக்கமும் ஒரு கம்பை நட்டு, கரை மட்டத்திலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று டேப்பால் எடுத்தால் போதும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை குறித்து வையுங்கள். மேலே தந்த அளவின்படி அடைப்பு 72 கன மீட்டர். ஒரு டிப்பருக்கு 6 கன மீட்டர் என்று வைத்தால் 12 நடை. இயந்திரம் வரும் பாதையைச் சொல்லாமல் விட்டால், வந்த பொக்லைன் கரைக்குப் போக முடியாமல் திரும்பும். ஒரு நாள் வீண்.

உயிருக்கோ வீட்டுக்கோ உடனடி ஆபத்து என்றால் மனுவுக்குக் காத்திருக்காதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913. புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அதையே மனுவிலும் குறிப்பிடுங்கள். பதில் வராத மனுவை முதல்வரின் உதவி மைய எண் 1100-இல் பதிவு செய்யலாம், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

மரம் பட்டா நிலத்திலிருந்து விழுந்ததா, புறம்போக்கிலிருந்து விழுந்ததா என்பதையும் கவனியுங்கள். வாய்க்கால் புறம்போக்கில் நின்ற மரம் அரசுச் சொத்து. அறுத்து எடுத்துப் போகக் கூடாது, துறை ஏலம் விடும். பட்டா மரம் என்றால் உரிமையாளரிடம் முதலில் சொல்லுங்கள், பெரும்பாலும் விறகுக்காகவாவது எடுத்துவிடுவார். மறுத்தால், ஆறு அல்லது வாய்க்காலில் உள்ள சட்டவிரோதத் தடையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் அது. விழும் நிலையில் சாய்ந்து நிற்கும் மரத்துக்கும் இதே பிரிவு பொருந்தும்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருப்பது அவசியம். இயந்திரம் வந்தும் வெள்ளம் வருவதற்குக் காரணம், பெரும்பாலும் வேலை செய்த முறைதான்.

கடைமடையிலிருந்து, அதாவது வாய்க்காலின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். மேலே முதலில் பிரித்துவிட்டால் கழன்ற குப்பை எல்லாம் மிதந்து போய் அடுத்த சிறுபாலத்தின் கண்ணை அடைக்கும்; உங்கள் ஊர் வடியும், கீழூர் மூழ்கும். ஒரே அடைப்புக்குள்ளும் மெதுவாகத்தான் திறக்க வேண்டும். தேங்கிய தண்ணீரை ஒரே நேரத்தில் விட்டால் கீழ்ப்புறக் கரையை அது அரித்துவிடும். ஷட்டரை லஸ்கர் தவிர யாரும் தொடக் கூடாது.

கரையிலேயே வேர் பிடித்து நின்று சாய்ந்த மரத்தை வேரோடு பிடுங்குவது பெரிய பிழை. வேர்தான் அந்த இடத்தில் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிடுங்கினால் குழி விழும், அந்தக் குழியில்தான் அடுத்த உடைப்பு. நீரோட்டத்துக்குள் நீளும் தண்டையும் கிளையையும் மட்டும் அறுத்து எடுத்து, அடிக்கட்டையை விட்டுவிட வேண்டும். வேரோடு ஏற்கெனவே பெயர்ந்துவிட்டது என்றால் எடுத்த அன்றே குழியை மண் போட்டு இடித்து இறுக்கி, மணல் மூட்டை அடுக்கச் சொல்லுங்கள்.

எடுத்ததைக் கரையின் உட்சரிவில் போட்டுவிட்டுப் போவது இன்னொரு வழக்கம். அடுத்த மழையில் அது மறுபடியும் உள்ளேதான் விழும். கரைக்கு வெளியே, தண்ணீர் ஏறாத இடத்தில் குவிக்க வேண்டும். ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உடனே லாரியில் ஏற்றினால் தண்ணீரைச் சுமக்கிறீர்கள். ஓரிரு நாள் வெளிக்கரையில் வடியவிட்டு ஏற்றுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு அப்படியல்ல. ஒடிந்த தண்டு ஈரமண்ணில் கிடந்தாலே வேர்விடும். அதை நன்றாகக் காயும் இடத்துக்கு அப்புறப்படுத்தாவிட்டால் அடுத்த ஆண்டு கரை முழுக்க அதுதான் நிற்கும். தென்னைக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. கரையில் மக்கவிட்ட தென்னந்தண்டு காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடம். தப்பிப் பிழைத்த தென்னைகளை அந்த வண்டு தாக்கும்.

ஊர் இளைஞர்கள் உதவ வந்தால் கைக்கு அடங்கும் கிளை, மிதக்கும் குப்பை இவற்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். அதுவும் கரையில் நின்று, கொக்கிக் கயிற்றால். அடைபட்ட சிறுபாலத்தின் மேற்புறத் தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. உறிஞ்சும் வேகம் வெளியே தெரியாது, ஆளைப் பாலத்தின் கண்ணோடு சேர்த்து அழுத்திவிடும். கீழ்ப்புறத்தில் நேர் எதிரே நிற்பதும் ஆபத்து. கம்பி சுற்றிய மரத்தை மின்வாரியம் இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும்; அழைக்க 94987 94987. உரிய பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழாய்க்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அதற்கு இயந்திரம்தான்.

வெள்ளம் வயலில் மணலோ வண்டலோ கொட்டிவிட்டுப் போனால் அது தனி இனம். 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ள விவசாயிக்கு, படிவு 3 அங்குலத்துக்கு மேல் என்று உரிய அலுவலர் சான்றளித்தால், 2022-23 முதல் 2025-26 வரையிலான வரையறைப்படி ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். வரையறை காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், மனுக் கொடுக்கும் ஆண்டின் தொகையை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். கணக்கெடுப்புக்கு முன் மண்ணை அள்ளிவிடாதீர்கள். அள்ளித்தான் ஆக வேண்டும் என்றால் அளவுகோலை நட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

ஊரார் சேர்ந்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரிக்கும் பழைய குடிமராமத்து இன்றும் கட்டாயமா என்று சிலர் கேட்பதுண்டு. வெள்ள ஆபத்தைத் தடுக்க ஊராரை வேலைக்கு அழைக்கும் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் 1858-இலேயே வந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு மீட்டெடுத்த குடிமராமத்து வேறு. அதில் விவசாயிகள் 10 சதவீதப் பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தந்தார்கள். புயல் குப்பையை அகற்ற அந்தப் பங்கைக் கேட்டால், பேரிடர் நிதியில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை என்று சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அதே இரண்டு கம்புகளில் மட்டத்தை மறுபடி பாருங்கள். வித்தியாசம் ஒரு சாணுக்கு மேல் இன்னும் நின்றால் அடியில் ஏதோ கிடக்கிறது. இயந்திரம் ஊரை விட்டுப் போவதற்குள் சொல்லுங்கள். எவ்வளவு எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்பது துறை எழுதிவைக்கும் அளவுப் புத்தகத்தில் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு அதன் நகலைக் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும்.